எட்டாவது பதிவேடு

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பொது மருத்துவமனையில் மருத்துவர். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு தர மேம்பாட்டுப் பொறுப்பையும் என்னிடம் கொடுத்தார்கள். கை சுத்தம், வெளிநோயாளர் பிரிவில் காத்திருக்கும் நேரம், வார்டில் மருந்து மாறிப்போவது என்று மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டேன். சுற்றறிக்கை அனுப்பினேன், பயிற்சி வகுப்பு நடத்தினேன், சுவரெல்லாம் படம் ஒட்டினேன். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இரண்டே மாதத்தில் பழைய கதைதான். ஒரு மூத்த செவிலியர், "இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாச்சு டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மாற விரும்பாதவர்களை எப்படி வழிநடத்துவது? தனியார் நிறுவனம் என்றால் வேலையைவிட்டு எடுத்துவிடலாம். பொதுத்துறை இப்படித்தான் என்று விட்டுவிட வேண்டியதுதானா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மூத்த செவிலியரின் வரி. நீங்கள் அதைச் சலிப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது நீண்ட அனுபவத்தில் போட்ட கணக்காகத் தெரிகிறது. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கையில் ஒரு திட்டத்தோடு வருகிறார். அது அந்தச் செவிலியர் தலையில் இன்னொரு வேலையாக இறங்குகிறது. வந்தவர் மாற்றலாகிப் போய்விடுகிறார், வேலை மட்டும் தங்கிவிடுகிறது. சுற்றறிக்கையைப் பார்த்துச் சிரிக்காமல் அவர் வேறென்ன செய்வார்?

இது எனக்குத் தெரியவந்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது. சுகாதார நிர்வாகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். நோயாளிகள் கட்டிலிலிருந்து விழுவதைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பதிவேடு கொண்டுவந்தேன். கட்டம் கட்டமாக, அழகாக அச்சடித்தது. மூன்று மாதம் கழித்து வாங்கிப் பார்த்தால் அத்தனை பக்கமும் ஒரே மையில், ஒரே மூச்சில் நிரப்பியது போலிருந்தது. கோபத்தோடு இரவுப் பணி நேரத்தில் வார்டுக்குப் போனேன். அங்கிருந்த செவிலியர் என்னோடு சண்டை போடவில்லை. மேசையைத் திறந்து பதிவேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ஒரே நோயாளியின் பெயரை ஏற்கெனவே ஏழு இடத்தில் எழுத வேண்டியிருந்தது. என்னுடையது எட்டாவது. "இதை எழுதிக்கிட்டிருக்கும்போதுதான் சார் அவங்க விழறாங்க" என்றார்.

அதற்குப் பிறகு, யாராவது "ஊழியர்கள் மாற மறுக்கிறார்கள்" என்று சொன்னால், மறுக்கிறார்களா, முடியவில்லையா என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. அலுவலக அறையில் உட்கார்ந்துகொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

நீங்கள் எடுத்துக்கொண்ட கை சுத்தத்தையே பார்ப்போம். 1847ல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் இருந்தார். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் சாவு மிகக் குறைவு. பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதுதான் காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2 சதவீதத்துக்கு இறங்கியது.

இவ்வளவு தெளிவான கணக்கு கையில் இருந்தும் அவர் தோற்றார். 1849ல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. கண்டுபிடித்ததை ஒழுங்காக எழுதி நூலாக்க 1861 ஆயிற்று. தன்னை ஏற்காத பேராசிரியர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் திட்டினார். 1865ல் மனநல விடுதியில் இறந்தார். கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலம் அது, எதிரிகளும் சாதாரணமானவர்கள் இல்லை. அவர் மேல் முழுப் பழியையும் போட நான் தயாராக இல்லை. ஆனால் "நான் சொல்வது சரி, ஆகவே நீங்கள் செய்தாக வேண்டும்" என்பதை மட்டுமே கருவியாக வைத்துக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற மருத்துவர் இதே பிரச்சினையைக் கையில் எடுத்தார். கை கழுவ வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கழுவ வேண்டிய தருணங்களில் பாதியில்கூட யாரும் கழுவவில்லை. அவர் குழு நின்று எண்ணிப் பார்த்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கை சுத்தம் செய்ய வேண்டிய தருணம் மணிக்கு 20 தடவைக்கு மேல் வருகிறது. குழாயடிக்கு நடந்து, சோப்பு போட்டு, துடைத்துவிட்டுத் திரும்ப ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகும். பெருக்கிப் பாருங்கள். விதியை ஒழுங்காகப் பின்பற்றும் செவிலியருக்கு மணி நேரத்தில் பாதிவரைகூடக் குழாயடியிலேயே கழிந்துவிடும். அப்புறம் நோயாளியை யார் பார்ப்பது?

ஆல்கஹால் கைத்தேய்ப்புத் திரவம் கட்டிலுக்குப் பக்கத்திலும் ஊழியர்களின் சட்டைப் பையிலும் வந்தது இப்படித்தான். சில வினாடி வேலை. சுவரொட்டிகளும் இருந்தன, ஆனால் அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை வார்டில் வேலை செய்கிறவர்களே சொன்னார்கள். 1994க்கும் 1997க்கும் இடையில் கை சுத்தம் 48 சதவீதத்திலிருந்து 66 சதவீதமானது. மருத்துவமனையில் தொற்றும் நோய்களின் அளவு 1994ல் இருந்த 16.9 சதவீதத்திலிருந்து 1998ல் 9.9 சதவீதமாகக் குறைந்தது. 66 என்பது நூறுக்கு வெகு தூரம் என்பதையும் கவனியுங்கள். நூறு வந்தால்தான் வெற்றி என்று அவர்கள் காத்திருக்கவில்லை. (ஒரு சின்ன குத்தல்: முன்னேறியது பெரும்பாலும் செவிலியர்களும் உதவியாளர்களும்தான். மருத்துவர்கள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தார்கள். நீங்களும் மருத்துவர், அதனால் சொன்னேன்.)

ஆகவே என் முதல் கேள்வி இதுதான்: உங்கள் வார்டில் கட்டிலிலிருந்து குழாய்க்கு எத்தனை அடி? திரவப் புட்டி காலியானால் நிரப்புவது யார் பொறுப்பு, அது வர எத்தனை நாள் ஆகும்? உங்கள் கடிதத்தில் பயிற்சி வகுப்பு இருக்கிறது, சுவரில் படம் இருக்கிறது, இந்த விவரம் இல்லை.

வேலையைவிட்டு எடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எடுத்துவிட்டு இன்னொருவரைக் கொண்டுவாருங்கள், அவரும் அதே தூரக் குழாயடிக்குத்தான் நடக்க வேண்டும். அதிகாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூறுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்கள் வழியாக வரும் தொற்றைக் குறைக்க ஒரு முயற்சி நடந்தது. 2006ல் அதன் முடிவுகள் வெளிவந்தன. ஐந்தே படிகள் கொண்ட பட்டியல், எதுவும் புதிதில்லை. உலகம் அந்தப் பட்டியலைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிபவை இரண்டு. ஒன்று, மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் செவிலியர் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லலாம், நிர்வாகம் செவிலியர் பக்கம் நிற்கும். இரண்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் மேல் நிர்வாகத்திலிருந்து ஒருவர் பொறுப்பாக இருந்தார். பட்டியல் சொன்ன கிருமிநாசினி பல பிரிவுகளில் இருப்பிலேயே இல்லை என்பது தெரிந்ததும், வாங்கிக் கொடுப்பது நிர்வாகத்தின் வேலையானது.

பட்டியல் மட்டும் தனியாகப் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை எட்டு நகரங்களில் பயன்படுத்திப் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது என்று 2009ல் அறிவித்தார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், இப்படியொரு பட்டியலை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று மருத்துவமனைகள் கணக்குக் காட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. 101 மருத்துவமனைகளின் கணக்கு 2014ல் வந்தபோது, சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. ஆய்வுக் காலம் போதாது என்ற மறுப்பும் உண்டு. ஆனால் பட்டியலை நிரப்பியதாக மருத்துவமனைகள் சொன்ன கணக்கு மட்டும் ஏறக்குறைய நூறு சதவீதம். அதைப் படித்ததும் எனக்கு என் எட்டாவது பதிவேடுதான் ஞாபகம் வந்தது.

காத்திருக்கும் நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அளந்து பாருங்கள், ஆனால் அந்த எண்ணை வைத்து யாரையும் மிரட்டாதீர்கள். இங்கிலாந்தில் அவசர சிகிச்சைக்கு வருபவர்களை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். காத்திருப்பு உண்மையிலேயே குறைந்தது, அதை மறுக்க முடியாது. கூடவே, நான்கு மணி நேரம் முடியப்போகும் கடைசி நிமிடங்களில் நோயாளிகள் மொத்தமாக வெளியேறுவதும் கணக்கில் தெரிந்தது. கடிகாரம் ஓடத் தொடங்காமல் இருக்க ஆம்புலன்ஸிலேயே ஆட்களை வைத்திருந்ததாகவும் புகார் வந்தது.

மருந்து மாறிப்போவதில் இது இன்னும் கடுமை. தவறைச் சொன்னவர் அடி வாங்கமாட்டார் என்று நம்பிக்கை வந்தால் முதலில் நடப்பது, தவறுகளின் எண்ணிக்கை கூடுவது. இத்தனை நாள் மூடி வைத்தவை மேலே வரும். இதை உங்கள் மேலதிகாரிகளிடம் இப்போதே, எழுத்தில் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறாவது மாதம் ஒரு கூட்டத்தில், "நீங்கள் வந்த பிறகுதான் தவறு அதிகமாகியிருக்கிறது" என்று வரைபடத்தைக் காட்டுவார்கள். அந்த அறையில் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்று கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் மறுநாளே தெரிந்துவிடும். பழியைக் கீழே தள்ளினால் அடுத்த மாதத்திலிருந்து எண்ணிக்கை அழகாகக் குறையும்.

சரி, என்ன செய்யலாம்? மூன்றில் இரண்டைத் தள்ளிவையுங்கள். ஒரு வார்டு, ஒரு பணி முறை போதும். எதை எடுப்பது என்று அந்த மூத்த செவிலியரைக் கேளுங்கள். அவர் மருந்து கொடுக்கும் ஒரு சுற்று முழுக்கக் கூடவே நடங்கள், குறிப்பெடுக்காமல். எத்தனை தடவை இடையில் கூப்பிடுகிறார்கள், எத்தனை தடவை எதையோ தேடி நடக்கிறார் என்று எண்ணுங்கள். அவர் சொல்லும் ஒரு மாற்றத்தை ஒரே ஒரு நாள் செய்து பாருங்கள். சரிவரவில்லையென்றால் மறுநாள் விட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. சரிவந்தால் அடுத்த வார்டுக்கு அதைச் சொல்லப் போகிறவர் அவராகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் போனால் அது மறுபடியும் சுற்றறிக்கை ஆகிவிடும். நாளைக்கு நீங்கள் மாற்றலாகிப் போனாலும் அவர் அங்கேயே இருப்பார் என்பது இன்னொரு காரணம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வார்டில் எத்தனை பதிவேடுகள் என்று மேசையைத் திறந்து எண்ணுங்கள். உங்கள் அதிகாரத்தில் நிறுத்தக்கூடியது ஒன்றாவது இருக்கும். அதை நிறுத்தியபோது அந்தச் செவிலியர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.