ஆகஸ்ட் 16 அவனுக்கு மட்டும் ஏன் லீவு?

'நம் நாடு உருவான ஆரம்ப கால வரலாற்றைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் முதலில் நோட்ஸ் வாங்கித் தேதிகளை ஒப்பிக்க வைத்தவன்தான். மூன்றாம் நாளே மகள் புத்தகத்தின் மேல் படுத்துத் தூங்கிவிட்டாள்.

எங்கள் வீடு நாகூரில், தங்கை வீடு காரைக்காலில். ஆகஸ்ட் 15 முடிந்து மறுநாள் இவள் பை தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், அத்தை மகனுக்கு மட்டும் லீவு. "அவனுக்கு மட்டும் ஏன்பா?" பாடம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் உட்காரவைத்து, நாகூருக்கும் காரைக்காலுக்கும் நடுவே எல்லையில் இருக்கும் வாஞ்சூருக்குக் கூட்டிப்போனேன். டி.என். நம்பர் வண்டிகளுக்கு நடுவே புதுச்சேரியின் பி.ஒய். நம்பர் எத்தனை வருகிறது என்று எண்ணச் சொன்னேன். (வரிசையாக இருக்கும் சாராயக் கடைகளுக்கும் விளக்கம் கேட்பாள், தயாராகப் போங்கள்.) 1947-இல் நாம் நிற்கும் நாகூர்ப் பக்கம் இந்தியா, அதோ அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி என்றேன். நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து என் அம்மாவைக் கேட்கச் சொன்னேன். அவர் பிறந்தது திருமலைராயன்பட்டினம். சின்ன வயதில் நாகூர் கந்தூரிக்கு வரும்போது வாஞ்சூரில் சுங்கக்காரர்கள் பையைத் திறந்து பார்த்துத்தான் விடுவார்களாம். பலகாரத் தூக்கைக்கூட விடவில்லையாம்!

அப்புறம்தான் தேதிகள். காரைக்கால் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தை பிரான்ஸ் ஏற்று, சட்டப்படி முழுமையாக மாறியது 1962 ஆகஸ்ட் 16. அவனுடைய லீவு அதற்குத்தான்.

இன்னொன்றும் செய்தேன். அப்பா டப்பாவில் போட்டு வைத்திருந்த புதுக்கோட்டை அம்மன் காசு ஒன்றைக் கையில் கொடுத்தேன். நகத்தளவு செப்புக்காசு. ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். பக்கத்து ஊர் ராஜாவுக்குத் தனிக் காசு இருந்தது, 1948 மார்ச்சில்தான் அந்தச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது என்றதும், "அப்போ இந்தியாவை ஒட்டுப்போட்டுத் தைச்சாங்களா?" என்றாள். எந்த நோட்ஸிலும் இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

குழந்தைதானே என்று சிக்கலான இடங்களை மழுப்பாதீர்கள். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரி பக்கம் இருக்கும் கீழூரில் வாக்களித்த 178 பேரில் 170 பேர், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதிகள் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். "178 பேர்தானா? மத்தவங்க?" என்றாள். அவர்கள் மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், ஊர் ஜனத்தை நேராகக் கேட்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். விடாமல் பாட்டியிடம் ஓடினாள்: "அப்பாயி, உன்னை யாரும் கேக்கலையா?"

"எனக்கு அப்போ பத்து வயசுடி. உங்க தாத்தாவைக் கட்டிவைக்கும்போதே என்னை யாரும் கேக்கலை, இதுக்கா கேப்பாங்க?" என்றார் அம்மா.