ஐந்நூறு மில்லியனும் மதியச் சாப்பாட்டு மேசையும்

ஏழு மாதத்துக்கு முன் வவுனியாவிலிருந்து ஸ்காபரோவுக்கு வந்து, இப்போது ஒரு வேர்ஹவுஸில் ஏஜென்சி மூலம் வேலை செய்யும் தம்பி ஒருவர் கேட்டது இது: “அண்ணா, சாப்பாட்டு நேரம் முழுக்க விளாடி, விளாடி என்றுதான் கதை. புளூ ஜேய்ஸ் என்ற ரொறன்ரோ பேஸ்போல் அணி அந்த ஒரே ஆளுக்கு 14 வருடத்துக்கு 500 மில்லியன் டொலர் எழுதிக் கொடுத்தது சரியா பிழையா என்று இரண்டு பக்கமாகப் பிரிந்து சத்தம் போடுகிறார்கள். எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும். ஒரு விளையாட்டுக்காரனை இவ்வளவு காலத்துக்கு ஏன் பிடித்து வைக்க வேண்டும்? நான் என்ன சொல்லிக் கதைக்குள் போவது?”

தம்பி, கதைக்குள் போக வேண்டும் என்று உங்களுக்கு ஏழாம் மாதத்திலேயே தோன்றிவிட்டது. எனக்கு அதற்கு மூன்று வருடம் எடுத்தது. அதுவரை சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் போய் இருந்து தனியாகச் சாப்பிட்டவன் நான்.

நான் வந்தது 1993 தை மாதம். ஒரு பேஸ்மன்டில் ஆறு பேர். அந்த வருடம் ஒக்ரோபர் 23, சனிக்கிழமை நடுச்சாமம் ஆகப்போகிற நேரம், வெளியே திடீரென்று கார் ஹோர்ன்களும் கூச்சலும். எங்களில் ஒருவர் எழும்பிப் போய் விளக்கை அணைத்துவிட்டார். ஊரில் வெளியே சத்தம் கேட்டால் அதுதானே பழக்கம். ஆறு பேரும் இருட்டுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். திங்கட்கிழமை வேலைக்குப் போனபிறகுதான் விஷயம் தெரிந்தது: ஜோ கார்ட்டர் கடைசி நேரத்தில் அடித்த ஹோம் ரன்னால் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி) புளூ ஜேய்ஸ் இரண்டாவது வருடமாக உலகத் தொடரை, அதாவது பேஸ்போலின் இறுதிக் கிண்ணத் தொடரை, வென்றிருக்கிறது. இந்த நகரத்தின் மிகப் பெரிய சந்தோஷத்தை நான் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை புளூ ஜேய்ஸுக்கு இன்னொரு உலகத் தொடர் வெற்றி வரவில்லை. உங்கள் மேசையில் நடக்கும் சண்டைக்குள் இந்த முப்பத்துச் சொச்ச வருடமும் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

சரி, ஆளைப் பற்றி. விளாடிமிர் கெரெரோ ஜூனியர் பிறந்தது 1999இல், மொன்றியலில். தகப்பன் அப்போது மொன்றியல் எக்ஸ்போஸ் அணியின் நட்சத்திரம். அந்த அணி 2004 சீசனோடு வாஷிங்டனுக்குப் போய்விட்டது. மேஜர் லீக் எனப்படும் வட அமெரிக்காவின் உச்சப் பேஸ்போல் லீக்கில் கனடாவுக்கு மிஞ்சியது ரொறன்ரோ மட்டும். டொமினிக்கன் குடியரசில் வளர்ந்த பையனைப் பதினாறு வயதில், 2015இல், 3.9 மில்லியன் டொலருக்கு புளூ ஜேய்ஸ் எடுத்தது. 2019 ஏப்ரலில் முதல் ஆட்டம். 2021இல் 48 ஹோம் ரன். அந்த வருடம் ஷோஹெய் ஓடானி என்று ஒரு ஜப்பானியர் பந்தும் வீசி மட்டையும் அடித்து எல்லாரையும் திகைக்க வைத்திராவிட்டால், மிகச் சிறந்த வீரர் விருது விளாடிக்குத்தான். இரண்டாமிடம் கிடைத்தது.

அந்த 48 ஹோம் ரன் அடித்த வருடம் அவருடைய சம்பளம் ஒரு மில்லியன்கூட இல்லை. இங்கேதான் பேஸ்போலின் கணக்கு கிரிக்கெட்டிலிருந்து பிரிகிறது. ஐபிஎல்லில் சில வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஏலம் வரும், அணிகள் கலைந்து மறுபடி கூடும். 2024 நவம்பர் ஏலத்தில் ரிஷப் பந்துக்கு 27 கோடி ரூபாய் என்று நாங்கள் வாயைப் பிளந்தோம். பேஸ்போலில் ஒரு வீரர் மேஜர் லீக்கில் ஆறு வருடச் சேவை முடிக்கும் வரை அணியை விட்டுத் தன் விருப்பத்துக்குப் போக முடியாது. முதல் மூன்று வருடம் அநேகமாக அடிமட்டச் சம்பளம். அடுத்த மூன்று வருடம் சம்பளத் தகராறு தீர்க்கும் நடுவர் மூலம் பேரம். அதன் பிறகுதான் சந்தை. ஆகவே வாலிப வயதில் மலிவாக உழைத்தவர்கள் இருபத்தாறு இருபத்தேழில் மொத்தமாகக் கேட்கிறார்கள். கொடுக்கவில்லையென்றால் அடுத்த அணி கொடுக்கும்.

விளாடிக்கு அந்த ஆறு வருடம் 2025 சீசனோடு முடிய இருந்தது. அந்த வருடம் பயிற்சி முகாம் தொடங்குவதற்குள் முடிவு சொல்லுங்கள் என்று அவர் தவணை வைத்தார். தவணை தாண்டியது, ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் வீட்டில் என் மகன் ஜெர்சியைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டான். பிறகு ஏப்ரலில், சீசன் தொடங்கியபிறகு, கையெழுத்தாயிற்று: 2026 முதல் 2039 வரை 14 வருடம், 500 மில்லியன் அமெரிக்க டொலர். நடுவில் விலகிப் போகும் உரிமை அவருக்கு இல்லை. அவர் சம்மதிக்காமல் அணி அவரை வேறெங்கும் மாற்றவும் முடியாது. ஒப்பந்தம் முடியும்போது வயது நாற்பது.

இதில் 325 மில்லியன் கையெழுத்துப் பணம் என்று எழுதப்பட்டிருக்கிறது. சம்பளத்தில் பிடிபடுவதைப் பார்த்து நீங்கள் போன மாதம் கவலைப்பட்டீர்கள் அல்லவா, இதைக் கேளுங்கள். ஒன்ராறியோவில் உச்ச வரி 53 வீதத்துக்கு மேல். ஆனால் அமெரிக்காவில் வசிப்பவர் ஒருவருக்கு விளையாட்டு ஒப்பந்தத்துக்கான கையெழுத்துப் பணம் கொடுத்தால், இரு நாட்டு வரி உடன்படிக்கையின்படி கனடா அதில் 15 வீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. காசை இப்படிப் பிரித்து எழுதுவது சும்மா அல்ல.

இப்போது சண்டைக்கு வருவோம். பிழை என்று சொல்கிறவர்களின் கையில் நல்ல ஆயுதங்கள் இருக்கின்றன, அதை ஒப்புக்கொண்டுதான் கதைக்க வேண்டும். பேஸ்போலில் காசு உறுதி. கை முறிந்தாலும், கண் மங்கினாலும், எழுதியதைக் கொடுத்தே தீர வேண்டும். அல்பேர்ட் புஹோல்ஸ் என்று ஒரு மலை. ஏஞ்சல்ஸ் அணி 2011 கடைசியில் 10 வருடத்துக்கு 240 மில்லியன் கொடுத்து எடுத்தது. எடுத்த நாளிலிருந்து இறங்குமுகம். பத்தாவது வருடம் முடியும் முன்பே, 2021 மே மாதம், அணியே வெளியே விட்டது. பால்ட்டிமோரில் கிறிஸ் டேவிஸ் 2016இல் 7 வருடத்துக்கு 161 மில்லியன் வாங்கினார். 2018இலும் 2019இலுமாகத் தொடர்ந்து 54 தடவை மட்டை பிடித்தும் ஒரு அடியும் விழவில்லை. இங்கேயே வேர்னன் வெல்ஸ் கதை இருக்கிறது. 2006 டிசம்பரில் 7 வருடத்துக்கு 126 மில்லியன் கொடுத்துவிட்டு, அடுத்த சீசனிலேயே நாங்கள் தலையில் கை வைத்தோம். அவரை 2011இல் ஏஞ்சல்ஸ் தலையில் கட்டிவிட முடிந்தது. விளாடியை அப்படி அனுப்ப முடியாது, அவர் ஓம் என்று சொன்னால் தவிர. அதோடு அவர் ஆடுவது ஃபர்ஸ்ட் பேஸில், முதல் தளத்தைக் காக்கும் இடத்தில். உடம்பும் பாரம். வயது போனால் ஒதுக்கி வைக்க இன்னும் இலகுவான இடம் களத்தில் கிடையாது. மட்டை பிடிக்க மட்டும் இறக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் உண்மை. ஆனாலும் கொடுத்தது சரி என்பதுதான் என் பக்கம்.

புஹோல்ஸின் ஒப்பந்தம் தொடங்கியபோது அவருக்கு 32 வயது. விளாடிக்கு 27. இந்த ஐந்து வருடம்தான் முழுக் கதையும். மட்டையாளர்களின் நல்ல காலம் இருபதுகளின் கடைசியும் முப்பதின் தொடக்கமும். அணி உண்மையில் வாங்கியது 2026 முதல் 2032 அல்லது 33 வரை. அதற்கான விலையைத்தான் 2039 வரை இழுத்துக் கட்டுகிறது. ஏன் இழுக்க வேண்டும்? மேஜர் லீக்கில் சம்பளத்துக்கு உச்ச வரம்பு இல்லை, ஆனால் மொத்தச் சம்பளம் ஒரு எல்லையைத் தாண்டினால் அணி வரி கட்ட வேண்டும். 2025இல் அந்த எல்லை 241 மில்லியன். கணக்கில் எடுப்பது ஒப்பந்தத்தின் வருடச் சராசரியை. 500ஐ 14ஆல் பிரித்தால் வருடத்துக்கு 36 மில்லியனுக்குச் சற்றுக் குறைவு. அதையே 10 வருடத்துக்குள் அடைத்தால் 50. அந்த வித்தியாசத்தில் இன்னொரு நல்ல வீரரை எடுக்கலாம்.

எனக்கு இது வீட்டுக் கடன் மாதிரித்தான் தெரிகிறது. 1999இல் நாங்கள் மார்க்கம் வீதிப் பக்கம் வீடு வாங்கியபோது 25 வருடத் தவணை. முதல் மாதம் கட்டும்போது மனைவியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, அவ்வளவு பயம். கடைசி வருடங்களில் நாங்கள் மாதம் கட்டிய காசுக்கு என் மகள் டவுன்ரவுனில் ஒரு அறைகூட வாடகைக்கு எடுக்க முடியாது. 2038இல் 36 மில்லியன் என்பது இன்றைய 36 மில்லியன் அல்ல. எங்கள் மேசையில் இதைச் சொன்னபோது ஒரு போர்த்துக்கேயர், “வீட்டுக்கு முழங்கால் வலி வராது” என்றார். வாயடைத்துவிட்டேன். இன்னும் பதில் கிடைக்கவில்லை.

இன்னொரு காரணம் காகிதத்தில் வராது. இந்த நகரத்துக்குப் பெரியவர்கள் வருவதில்லை என்ற மனவருத்தம் இங்கே பழையது. 2023 டிசம்பரில் ஓடானி ரொறன்ரோவுக்கு வருகிறார் என்று ஒரு கதை கிளம்பியது. கலிபோர்னியாவிலிருந்து ஒரு தனியார் விமானம் பறக்கிறது, அதில் அவர்தான் என்று ஆயிரக்கணக்கானோர் கைபேசியில் அந்த விமானத்தின் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான், வெள்ளிக்கிழமை, விரதச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. விமானம் இறங்கியது. உள்ளே இருந்தவர் வேறொரு தொழிலதிபர். மறுநாள் ஓடானி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸுக்கு 10 வருடம், 700 மில்லியன் என்று அறிவித்தார். ஒரு வருடம் கழித்து ஹுவான் சோட்டோ, நியூயோர்க் மெற்ஸுக்கு 15 வருடம், 765 மில்லியன். இந்த இரண்டுக்கும் பிறகு, தாங்களே வளர்த்த பிள்ளையையும் விட்டிருந்தால் மைதானத்துக்கு யார் போவது? அணியின் சொந்தக்காரர் ரொஜர்ஸ் நிறுவனம். மைதானமும் அவர்களுடையது, ஆட்டத்தைக் காட்டும் விளையாட்டு ரிவியும் அவர்களுடையது. நீங்கள் மாதாமாதம் கட்டும் போன் பில்லும் அவர்களிடம் போகிறதோ என்னவோ. அவர்களிடம் காசு இல்லை என்று யாரும் அழத் தேவையில்லை.

2025 கோடையில் பிழை என்று சொன்னவர்களின் கைதான் ஓங்கியிருந்தது. 162 ஆட்டத்தில் அணி 94ஐ வென்று பிரிவில் முதலாவதாக வந்தது உண்மை, ஆனால் விளாடிக்கு அந்த சீசனில் 23 ஹோம் ரன் மட்டும். “ஐந்நூறு மில்லியனுக்கு இருபத்து மூன்றா?” என்று தினமும் கேட்டோம். பிறகு ஒக்ரோபர் வந்தது. யாங்கீஸுக்கு எதிராக மூன்று தளத்திலும் ஆள் நிற்க அடித்த ஹோம் ரன், சியாற்றிலுடனான ஏழு ஆட்டத் தொடரில் சிறந்த வீரர், எல்லாமாக 18 ஆட்டத்தில் 8 ஹோம் ரன், மட்டைச் சராசரி .397, பத்துக்கு நான்கு தடவை அடித்த மாதிரி. உலகத் தொடரில் ஏழாவது ஆட்டம், நவம்பர் 1. வழக்கமாகக் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேரை வெளியேற்றினால் கிண்ணம் என்ற நிலையில் டொட்ஜர்ஸ் ஒரு ஹோம் ரன்னால் சமப்படுத்தியது. பதினொன்றாவதில் இன்னொன்றால் முந்தியது. எங்கள் முறையில் முதலில் வந்த விளாடி இரண்டு தளத்துக்கு அடித்தார், மூன்றாவது தளம் வரை போனார், அங்கேயே நின்றார். அலெஹாந்திரோ கேர்க்கின் மட்டை முறிந்து பந்து உருள, இரண்டு பேர் ஒரே பந்தில் வெளியே. 5–4 என்று தோற்றோம். அந்த இரவு தெருவில் ஒரு ஹோர்ன் சத்தமும் இல்லை. நான்தான் ரிவியை நிறுத்தி விளக்கை அணைத்தேன்.

புதிய ஒப்பந்தத்தின்படி அவர் அதுவரை ஒரு பந்துகூட ஆடியிருக்கவில்லை, அதைக் கவனியுங்கள். அந்த ஒக்ரோபர் பழைய சம்பளத்தில் நடந்தது.

சத்தம் போடுகிறவர்களில் சிலரின் கோபம் விளாடி மேல் அல்ல என்பதும் உங்களுக்குப் போகப் போகத் தெரியும். நான் பதினொரு வருடம் நின்ற ஒரு தொழிற்சாலை ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எங்களைக் கூப்பிட்டு, கையில் ஒரு கடித உறையைத் தந்து அனுப்பியது. ஏஜென்சியில் வேலை செய்யும் உங்களுக்கு அந்த உறைகூட இல்லை. நாளைக்கு வர வேண்டாம் என்று ஒரு ரெக்ஸ்ற் மட்டும் வரும். அப்படிப்பட்ட மேசையில் “அவனுக்கு 2039 வரை உறுதி” என்பது காதில் சுடும். அவர்களோடு வருடச் சராசரிக் கணக்குச் சொல்லி வாதாட வேண்டாம். ஓம் என்று தலையாட்டுங்கள். எனக்கே சுடுகிறது. ஆனால் அந்த 500 விளாடிக்குப் போகாவிட்டால் அது உங்களுக்கோ எனக்கோ வரப்போவதில்லை, சொந்தக்காரரிடம்தான் நிற்கும். பந்தை அடிக்கிறவன் எடுக்கட்டும்.

கதைக்குள் போக ஒரு வழி கேட்டீர்கள். பொபி பொனியா என்ற பெயரை மேசையில் போட்டுப் பாருங்கள். 2001இலேயே ஆட்டத்தை விட்டவர். மெற்ஸ் அணி அவருக்கு 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1ஆம் திகதியும் 1.19 மில்லியன் டொலர் கொடுக்கிறது. கனடா தினத்தில் உங்களுக்கு லீவு, அவருக்குச் சம்பளம். இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் சிரிக்கும், யாராவது கட்டாயம் இன்னொரு கதை சொல்வார்கள்.

அப்புறம், ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கெனடி ஸ்ரேஷனில் ஏறி, யங்கில் மாறி, யூனியனில் இறங்கினால் நடக்கிற தூரம். 500ஆம் தட்டில் ரிக்கற் மலிவு. ஏப்ரல், மே மாதம் என்றால் தடித்த ஜக்கெற் கொண்டுபோங்கள், கூரையைத் திறந்தார்களென்றால் ஏரிக் காற்று சும்மா விடாது. விளாடி முதல் இன்னிங்ஸிலேயே மட்டை பிடிக்க வருவார், பிந்திப் போகாதீர்கள்.