கூழும் கல்லும் வறட்டியும்

(வாசகர் கேள்வி – பதில்)

வேதாகமத்தில் ஏசா தன் தம்பி யாக்கோபிடம் தலைப்பிள்ளை உரிமையையே விற்றுவிட்டுக் குடித்தானே, அந்தப் பயற்றங்கூழை நம் வீட்டில் செய்ய முடியுமா? செய்முறை எங்கே கிடைக்கும்?
– வாசகி, நாசரேத் (தூத்துக்குடி மாவட்டம்)

எங்கேயும் கிடைக்காது, அம்மா. பாபிலோன்காரர்கள் களிமண் பலகையில் குழம்பு வகைகளை எழுதி வைத்தார்கள். ஏறக்குறைய கி.மு. 1700-ஐச் சேர்ந்த அந்தப் பலகைகள் இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டைத் தந்த எபிரெயர் அப்படி ஒரு வரிகூட விட்டு வைக்கவில்லை. அவர்கள் அடுக்களை நமக்குத் தெரிய வருவது சட்டத்திலும் சண்டையிலும்தான். யாராவது யாரையாவது ஏமாற்றினால், அல்லது எது தீட்டு என்று ஆசாரியர் வரையறுத்தால், அப்போதுதான் பானை சட்டியெல்லாம் வெளியே வரும்.

கூழில் கிடந்தது பாசிப்பயறு அல்ல. கடையில் மைசூர்ப் பருப்பு என்று வாங்குகிறோமே, அந்த இனம். பசியோடு வந்த ஏசா அதற்குப் பெயர்கூடச் சொல்லவில்லை, "அந்தச் சிவப்பு, அந்தச் சிவப்பு" என்கிறான். பிறகு சாப்பிட்டான், குடித்தான், எழுந்தான், போனான். ருசி பார்த்ததாகத் தெரியவில்லை. வெங்காயமும் உப்பும் ஒலிவ எண்ணெயும் சேர்த்து நீங்களே செய்து பாருங்கள். எல்லாம் அந்த நாட்டில் இருந்தவைதான். மிளகாய் மட்டும் வேண்டாம், அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சரக்கு.

அவர்களிடம் என்னென்ன பாத்திரங்கள் இருந்தன? அடுப்பு எப்படி இருக்கும்?
– வாசகர், மார்த்தாண்டம்

பாத்திரப் பட்டியல் வேண்டுமானால் சீலோ என்ற ஊரின் ஆசாரியனான ஏலியின் பிள்ளைகளிடம் போக வேண்டும். சீலோவில் பலி கொடுக்க வந்தவர்களின் இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போது, ஆசாரியனின் வேலைக்காரன் மூன்று கூருள்ள முள்ளோடு வந்து குத்துவான். வந்ததெல்லாம் ஆசாரியனுக்கு. எதில் குத்துவான்? கொப்பரை, பானை, சருவம், சட்டி என்று நம் தமிழ் வேதாகமம் நான்கையும் அழகாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. எபிரெய மூலத்தில் கியோர், தூத், கல்லஹத், பாரூர். இந்த நான்கில் எது எந்த வடிவம் என்று வகுப்பில் கேட்டால் பையன்கள் எல்லாரும் கூரையைப் பார்ப்பார்கள். பாரூர் மட்டும் கொஞ்சம் பிடி கொடுக்கும். நியாயாதிபதியான கிதியோன் ஆட்டுக்குட்டி சமைத்து ஆணத்தை (குழம்புச் சாற்றை) ஊற்றியது அதில்தான், வனாந்தரத்தில் வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்ற உணவை வேகவைத்ததும் அதில்தான். ஆகவே சாதாரண வீட்டுச் சட்டி என்று எடுத்துக்கொள்ளலாம்.

மண்சட்டிக்குச் சட்டம் கடுமை. பாவநிவாரண பலியின் இறைச்சி வெந்த மண்பாண்டத்தை உடைத்துவிட வேண்டும். செப்புப் பாத்திரமானால் விளக்கிக் கழுவினால் போதும். செம்பு வாங்க வசதியுள்ளவர்களுக்கு அன்றும் நஷ்டமில்லை.

அடுப்பு இரண்டு வகை. சட்டி ஏற்றுவது ஒன்று. அப்பம் சுடுவது மற்றொன்று, அதற்குத் 'தன்னூர்' என்று பெயர். உங்கள் ஊர் ஓட்டலில் ரொட்டி சுடும் தந்தூரி அடுப்பின் பெயரும் இதன் உறவுதான். முற்றத்தில் களிமண்ணால் எழுப்பிய உருளை, வாய் மேலே, உள்ளே தீ. சூடேறியதும் மாவைத் தட்டி உட்சுவரில் அறைந்து ஒட்டுவார்கள். லேவியராகமம் பஞ்சத்தைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள்: பத்துப் பெண்கள் ஒரே அடுப்பில் அப்பம் சுடுவார்களாம். பத்து வீட்டு மாவும் ஓர் அடுப்புக்குள் அடங்கிப் போனது என்றால் நிலைமை புரிகிறதல்லவா?

மாவு அரைத்தது திருகையிலா? ஞாயிறு பள்ளிப் படங்களில் அப்படித்தான் போடுகிறார்கள்.
– வாசகி, திண்டுக்கல்

படம் போடுகிறவர்கள் ஆயிரம் வருஷத்தை அப்படியே தாண்டிவிடுகிறார்கள். சுற்றும் திருகை பிற்காலத்துச் சரக்கு. இயேசு சொன்ன, ஏந்திரம் அரைக்கும் இரண்டு பெண்களுக்கு அது பொருந்தும். அதற்கு வெகு முன்னால், நியாயாதிபதிகள் காலத்திலோ ராஜாக்கள் காலத்திலோ இருந்தது தள்ளி அரைக்கும் கல். நம் அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஈர மசாலாவுக்கு அல்ல, உலர்ந்த தானியத்துக்கு. அகன்ற அடிக்கல் முன்னே, மண்டியிட்ட பெண் பின்னே. மேற்கல்லை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். சொரசொரப்பான கருங்கல்தான் இதற்கு உகந்தது. ஒரு குடும்பத்துக்கு மாவு காண நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடித்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். எல்லாம் விடிவதற்குமுன் தொடங்கும் வேலை.

அதனால்தான் வேதாகமத்தின் சட்டப் புத்தகமான உபாகமத்தில் ஒரு சட்டம்: கடனுக்கு ஈடாக அடிக்கல்லையும் வாங்காதே, மேற்கல்லையும் வாங்காதே; அது ஜீவனையே அடகு வாங்குவது. என் கணக்கில் அந்தப் புத்தகத்தின் மிக நல்ல சட்டங்களில் இது ஒன்று. மேற்கல் ஒன்றை மட்டும் தூக்கிப் போனாலும் அந்த வீட்டில் அன்று அப்பம் இல்லை.

அந்த மேற்கல்லை ஒரு பெண்ணால் தூக்க முடியும் என்பதையும் கவனியுங்கள். தேபேஸ் என்ற ஊரைத் தாக்க வந்த அபிமெலேக்கு ராஜாவின் தலையில், கோபுரத்தின் மேலிருந்து ஒருத்தி போட்டது அதைத்தான். மண்டை உடைந்தவன், "ஒரு பெண் கொன்றாள் என்று யாரும் சொல்லக்கூடாது, நீயே என்னைக் கொன்றுவிடு" என்று ஆயுதம் தூக்குகிறவனைக் கெஞ்சினான். பலன்? தாவீதின் காலத்திலும் அவர் படைத்தலைவன் யோவாப் அந்தக் கதையை அப்படியே சொல்கிறான்: ஒரு பெண் கல்லைப் போட்டாள், செத்தான்.

ஆண்கள் சமைத்தார்களா?
– வாசகர், மதுரை

யாக்கோபு சமைத்தான், கிதியோன் சமைத்தான். ஆபிரகாமைக் கேட்டால் அவரும் சமைத்ததாகத்தான் சொல்வார். மூன்று விருந்தாளிகளுக்கு மூன்றுபடி மாவு பிசையச் சாராளிடம் சொன்னார் (அந்தப் படி நம் படியல்ல, மூன்றும் சேர்ந்தால் 20 லிட்டரைத் தொடும்), கன்றை வேலைக்காரனிடம் கொடுத்தார். ஓடியதும் பரிமாறியதும் மட்டும் அவர்.

அரிசிச் சோறு உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

எபிரெய வேதாகமத்தில் ஒரு பருக்கைகூட இல்லை. பின்னால், கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில் வருகிறது.

"பாலும் தேனும் ஓடுகிற தேசம்" என்கிறார்களே, அந்தத் தேன் பேரீச்சம்பழப் பாகு என்று ஒரு போதகர் சொன்னார். சரியா?
– வாசகர், கோவை

பல இடங்களில் அவர் சொல்வதுதான் பொருத்தம். ஆனால் தேனீயே வளர்க்கவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. இஸ்ரேலில், பெத்செயான் பள்ளத்தாக்கில் தெல் ரெஹோவ் என்ற மேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் அமிஹாய் மசார் குழுவினர், ஊருக்கு நடுவில் வரிசையாக அடுக்கிய சுமார் 30 தேன்கூட்டு உருளைகளைக் கண்டார்கள். 2007-இல் செய்தி வெளியானது. சுடாத களிமண்ணும் வைக்கோலும் கலந்து செய்தவை, காலம் கி.மு. 10–9ஆம் நூற்றாண்டு. தேனீ வந்து போக ஒரு பக்கம் சிறு துளை, எதிர்ப்பக்கம் தேன் எடுக்கத் திறக்கும் மூடி. ஊருக்குள் இத்தனை தேனீயோடு எப்படிக் குடியிருந்தார்களோ!

எசேக்கியேல் அப்பம் உடம்புக்கு நல்லது என்று வெளிநாட்டில் விற்கிறார்களாம். வீட்டில் சுடலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

கோதுமை, வாற்கோதுமை, பயறு, தினை எல்லாம் கலந்தது, சத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது முற்றுகைக் காலத்து ரேஷன். எருசலேமில் மாவு தீர்ந்து, இருப்பதையெல்லாம் வழித்துப் பிசைய வேண்டி வரும் என்று தீர்க்கதரிசி எசேக்கியேல் நடித்துக் காட்டியது. அளவு நாளைக்கு 20 சேக்கல், அதாவது 230 கிராம்போல. எரிக்க மனிதக் கழிவு என்று முதலில் கட்டளை. எசேக்கியேல் மன்றாடிய பிறகு மாட்டுச்சாண வறட்டிக்கு அனுமதி கிடைத்தது. சுடுவதென்றால் தாராளமாகச் சுடுங்கள். வறட்டி உங்கள் பக்கம் இன்னும் கிடைக்கிறதா?