மதத்தை விட்டு விலகினால் குடும்பம் ஒதுக்கிவிடும் என்று தெரிந்தும் விலகலாமா?

கேட்கும் விதத்திலேயே தெரிகிறது, மனத்தளவில் நீங்கள் எப்போதோ வெளியே வந்துவிட்டீர்கள். கூட்டத்தில் வாய் மட்டும் பாடுகிறது. நானும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் சபையில் விலகல் கடிதம் கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் என் பெயரைச் சொல்லி, இனி இவர் நம்மவர் அல்ல என்று மேடையிலிருந்து அறிவித்தார்கள். அம்மா இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடிதம் கொடுத்ததை அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. இன்றுவரை என்னை அறுப்பது அதுதான்.

அன்றோடு பேச்சு நின்றது. அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது அக்காவும் நானும் ஒரே வராந்தாவில் ஆறு நாள் இருந்தோம், நடுவில் ஒரு காலி நாற்காலி. மருந்துச் சீட்டை என் கையில் தரமாட்டார். நாற்காலியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாங்கி வந்த மருந்தை நானும் அதே நாற்காலியில் வைப்பேன். ஒருமுறை சீட்டின்மேல் இருமல் மாத்திரை ஒன்று இருந்தது. இருமிக்கொண்டிருந்தது நான்தான்.

யாரை நீக்குவது என்பது சபையின் உரிமை இல்லையா என்று சிலர் வருவார்கள். நான் மறுக்கவில்லை. சபையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், நீதிமன்றம் இதில் தலையிட முடியாது என்றுதான் கனடா உச்ச நீதிமன்றமும் 2018இல் சொன்னது. ஒருவரைச் சமூகத்திலிருந்து விலக்கிவைப்பதைத் தடுக்க 1949இல் பம்பாய் மாகாணம் கொண்டுவந்த சட்டத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 1962இல் செல்லாது என்றது. அதே சமயம், மதத்தை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 18ஆம் பிரிவில் வெளிப்படையாகவே சொல்கிறது. பட்டியலிலிருந்து என் பெயரை அடிக்கட்டும். பெற்றவளிடம் போய், "பிள்ளையோடு பேசினால் உனக்கும் இதே கதி" என்பது எந்த உரிமையில் சேரும்? அந்தப் பயத்தில் உள்ளே இருப்பவரின் நம்பிக்கைக்கு என்ன மதிப்பு?

அங்குள்ளவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. என்னை வளர்த்ததே அவர்கள்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. ஒரு விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். எழுத்தர் என்னைக் கேட்காமல் பழைய மதத்தையே அதில் எழுதிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதையெல்லாம் இழந்து பெற்ற வெற்றிடம் அது!

விலகுவது உங்கள் முடிவு. ஆனால் கடிதத்துக்கு முன் வீட்டில் நேரில் சொல்லிவிடுங்கள், மேடையிலிருந்து அவர்கள் கேட்க வேண்டாம். சபைக்கு வெளியே மனம்விட்டுப் பேச ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அக்காவுக்கு நான் மாதம் ஒரு வரி அனுப்புகிறேன். பதில் வருவதில்லை. அவர் எண்ணை மாற்றவுமில்லை.