‘கௌபாய் பீபாப்’ இசை நகலா?

வணக்கம் சார்,

நீங்கள் சொன்னீர்கள் என்று ‘கௌபாய் பீபாப்’ என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன்) தொடரின் 26 எபிசோடும் பார்த்து முடித்தேன். கதை பிடித்தது. ஆனால் அதன் இசையை எல்லாரும் ஏன் இப்படித் தூக்கிவைத்துப் பேசுகிறார்கள் என்பதுதான் புரியவில்லை. டைட்டில் இசை பழைய ஹாலிவுட் துப்பறியும் படம் மாதிரி இருக்கிறது. உள்ளே போனால் ஜாஸ், ப்ளூஸ், நடுநடுவே ஹார்மோனிகா. ஜப்பான்காரர்கள் எடுத்த தொடரில் ஜப்பான் இசை எங்கே? நகலைத்தானே கொண்டாடுகிறோம்?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் சொல்லும் டைட்டில் இசையான ‘டேங்க்!’, அமெரிக்க பிக் பேண்ட் ஜாஸின், அதாவது பெரிய வாத்தியக் குழு வாசிக்கும் ஜாஸின், நேர் வாரிசுதான். 1960களின் உளவாளிப் படங்களின் வாடையும் அதில் அடிக்கிறது. இசையமைப்பாளர் யோகோ கன்னோ அதை மறைக்க முயன்றதாகவே தெரியவில்லை. ஹார்மோனிகா விஷயத்தில் இன்னும் ஒரு படி உங்கள் பக்கம் வருகிறேன். அந்தத் துண்டுகளில் சிலவற்றை யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

ஆனால் ‘ஜப்பான் எங்கே’ என்ற கேள்வி எனக்குச் சரியாகப் படவில்லை. ஜாஸ் அங்கே நேற்று வந்து இறங்கிய சரக்கு அல்ல. 1920களிலேயே ஒசாகாவின் நடன அரங்குகளில் வாசித்தார்கள். போர்க்காலத்தில் எதிரியின் இசை என்று அரசு தடை போட்டது. போர் முடிந்ததும், மஞ்சூரியாவிலிருந்து குடும்பத்தோடு திரும்பிய தோஷிகோ அகியோஷி என்ற பதின்வயதுப் பெண் பெப்பு நகரின் நடன அரங்கில் பியானோ வாசிக்கப் போனார். பிற்பாடு அமெரிக்காவில் சொந்தமாக பிக் பேண்ட் நடத்துமளவு வளர்ந்தார். அப்புறம் ‘ஜாஸ் கிஸ்ஸா’ காபிக் கடைகள். ஒரு காபியை வாங்கிவைத்துக்கொண்டு, பேச்சுமூச்சில்லாமல் இசைத்தட்டு கேட்கிற இடங்கள். இவ்வளவும் நடந்த ஊரில் ஷாமிசென் என்ற பாரம்பரியத் தந்தி வாத்தியத்தை மீட்டினால்தான் ஜப்பான் இசை என்பது கொஞ்சம் அநியாயம்.

அதைவிட முக்கியமானது அந்த இசை உருவான விதம். நம் சினிமாவில் எடிட்டிங் முடிந்த படத்தைப் பார்த்துத்தான் ரீ-ரெக்கார்டிங் செய்வார்கள். ஜப்பானின் டிவி அனிமேயில் வழக்கம் வேறு. ‘சோகம்’, ‘துரத்தல்’, ‘சண்டை’ என்று ஒலி இயக்குநர் ஒரு பட்டியல் கொடுப்பார். இசையமைப்பாளர் மொத்தமாக எழுதிப் பதிவுசெய்து கொடுத்துவிடுவார். பிறகு வாராவாரம் அதிலிருந்து பொறுக்கிப் போட்டுக்கொள்வார்கள். இந்தத் தொடரில் கன்னோ பட்டியலுக்கு அடங்கவில்லை. கேட்காததையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து நின்றார். அவற்றைக் கேட்டு, அவற்றுக்காகவே புதிதாகக் காட்சிகள் யோசித்ததாக இயக்குநர் ஷினிச்சிரோ வதனாபே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எபிசோடுகளுக்கு, இசைக்கலைஞர்கள் கூடி வாசிப்பதைக் குறிக்கும் ‘செஷன்’ என்று பெயர் வைத்தது சும்மா ஸ்டைலுக்கு இல்லை.

ஐந்தாவது செஷனின் தேவாலயக் காட்சியை மறுபடி பாருங்கள். துப்பாக்கிச் சண்டை முடிந்து நாயகன் ஸ்பைக் வண்ணக் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு விழுகிறான். வேறு யாராக இருந்தாலும் அங்கே டிரம்ஸைப் போட்டு அடித்திருப்பார்கள். இங்கே சத்தமெல்லாம் அடங்கி, சொல் பிடிபடாத மென்மையான கூட்டுக் குரல்களும் பியானோவும் வருகின்றன. ‘கிரீன் பேர்ட்’. கண்ணாடிச் சில்லுகளோடு அவன் மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருக்க, பழைய வாழ்க்கை துண்டு துண்டாக வந்து போகிறது. அவனுக்கும் அவன் பழைய கூட்டாளியும் இப்போதைய எதிரியுமான விஷியஸுக்கும் நடுவே என்ன நடந்தது என்று அதுவரை யாரும் வாய்திறந்து சொன்னதில்லை. அங்கேயும் சொல்லவில்லை. ஆனால் அந்த இசையில், இவன் ஏதோ ஒரு நாளில் ஏற்கெனவே செத்துப்போனவன் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. அமெரிக்காவின் எந்த ஜாஸ் தட்டிலிருந்து அதை நகலெடுக்க முடியும்?

பதின்மூன்றாவது செஷன் இன்னும் துணிச்சல். சாக்ஸபோன் வாசிக்கும் முன்னாள் சிப்பாய் கிரென், சாகும் தறுவாயில், தான் போரிட்ட, சனியின் நிலவான டைட்டனுக்குத் தன்னை அனுப்பிவிடச் சொல்கிறான். ஸ்பைக் அவன் விண்கலத்தை இழுத்துச் சென்று விடுவிக்கிறான். அந்த வாரம் வழக்கமான முடிவுப் பாட்டை எடுத்துவிட்டு ‘ஸ்பேஸ் லயன்’ போட்டார்கள். இசைத்தட்டில் அது ஏழு நிமிடத்துக்கு மேல். சாக்ஸபோன் ஒன்று அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும், பாதிக்கு மேல்தான் தாளமும் கூட்டுக் குரல்களும் சேரும்.

2021-ல் நெட்ஃபிளிக்ஸ் இதை நடிகர்களை வைத்து எடுத்தது. கன்னோவையே கூட்டிவந்தார்கள், ‘டேங்க்!’ இருந்தது, டைட்டிலைக்கூட பழையதைப் பார்த்தே செய்தார்கள். ஒரே சீசனோடு நின்றுபோனது. காரணங்கள் பல இருக்கலாம். எனக்குத் தெரிந்த குறை, காட்சியைத் தனியாக எடுத்துவிட்டு இசையை அதன் மேல் ஒட்டியதுபோல் இருந்ததுதான். நகல் என்று திட்டுவதற்கு ஒன்று வேண்டும் என்றால், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.