ஷிகோகு நடைப்பயணம்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

ஜப்பானின் ஷிகோகு தீவைச் சுற்றி 88 கோயில்களை நடந்தே தரிசிக்கும் யாத்திரை பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். கோபோ தாய்ஷி என்று வணங்கப்படும் துறவி கூகாயின் நினைவோடு இணைந்த வழி அது. தூரம் சுமார் 1,200 கிலோமீட்டர். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு ஜப்பானிய மொழி ஒரு சொல்லும் தெரியாது. கையடக்க மொழிபெயர்ப்புக் கருவி இல்லாமல் அங்கே போகவே கூடாது என்கிறார் கடைக்காரர். விலை அதிகம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் கருவிகள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. நான் வாங்கியதில் உள்ளிருந்த சிம்முக்கு ஒரு குறிப்பிட்ட காலம்தான் இணைய இணைப்பு. அது முடிந்ததும் கருவி பேச்சை நிறுத்திவிட்டது. புதுப்பிக்கத் தனிக் கட்டணம் உண்டு என்பதைப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். விற்கும்போது யாரும் வாய் திறக்கவில்லை. இதைத் தெரிந்தே செய்கிறார்கள்.

உங்கள் கைபேசியே போதும். மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழிக் கோப்பைக் கிளம்புமுன் இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாத மலைப்பாதையிலும் வேலை செய்யும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வழியில் உள்ள மின்ஷுகு எனப்படும் குடும்ப விடுதிகள் பலவற்றில் தொலைபேசியில்தான் முன்பதிவு. மறுமுனையில் பேசுபவர் வயதானவராக இருப்பார். அங்கே எந்தக் கருவியும் உதவாது. போதாக்குறைக்கு, சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் சிம்களில் பெரும்பாலானவை வெறும் டேட்டா சிம்கள். அவற்றுக்கு அழைப்பு எண்ணே கிடையாது. ‘அன்லிமிடெட்’ என்பதைக் கொட்டை எழுத்தில் போடுபவர்கள், குரல் அழைப்பு இல்லை என்பதை மட்டும் ஏன் ஒளிக்கிறார்கள்? வாங்குமுன் அதை வாய்விட்டுக் கேளுங்கள்.

இதற்கு வழி ஒரு தாள்தான். நாளைய தேதி, விடுதியின் பெயர், தொலைபேசி எண், எத்தனை பேர், ஆணா பெண்ணா, இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் வேண்டுமா என்பதை ஜப்பானிய எழுத்தில் தயாராக வைத்திருங்கள். இன்று தங்கும் விடுதிக்காரரிடம் அதைக் காட்டிக் கேட்டால், பெரும்பாலும் அவரே அடுத்த ஊருக்குப் போன் போட்டுத் தருவார். அப்புறம், பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருக்காதீர்கள். உங்களுக்கென்று மீனும் காயும் வாங்கி வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். கால் ஒத்துழைக்கவில்லை என்றால், முடிந்தவரை சீக்கிரமாக யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: அமைதியாக நடக்க ஆசை. வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போன் எது நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். லாரி ஓடும் சாலையிலும் நீண்ட சுரங்கப் பாதைகளிலும் நடக்க வேண்டியிருக்கும். அந்தப் பணத்தில் ஒளிரும் பட்டை வாங்குங்கள்.

கேள்வி: யாத்திரை அனுமதிச் சீட்டு கட்டாயம் என்று சொல்லி ஒரு முகவர் என் அம்மாவிடம் பெரிய தொகை வாங்கிவிட்டார். அப்படி ஒன்று உண்டா?

பதில்: கிடையாது. அந்த வழியில் நடக்க அனுமதியோ பதிவோ தேவையில்லை. எந்தக் கோயிலிலிருந்தும் தொடங்கலாம். பலர் தோகுஷிமா பகுதியில் உள்ள முதல் கோயிலான ரியோசென்ஜியில் தொடங்குகிறார்கள். வெள்ளை மேலாடை, கைத்தடி, ஒவ்வொரு கோயிலிலும் முத்திரை பதித்து வாங்கும் ஏடு எல்லாம் அங்கேயே கிடைக்கும். அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். பக்தியோடு கிளம்பியவரிடம் பொய் சொன்னவர்தான் குற்றவாளி. கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். நாள் தள்ளத் தள்ளப் பணம் திரும்பும் வாய்ப்பு குறையும். முகவர் அனுப்பிய செய்திகள் ஒன்றையும் அழிக்க வேண்டாம்.

கேள்வி: கனமான மலையேற்ற பூட்ஸ் தள்ளுபடியில் கிடைத்தது. இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் விமானம். சரியாக இருக்குமா?

பதில்: போட்டே பார்க்காத செருப்பைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது? வழியில் பெரும்பகுதி தார்ச்சாலை. 12வது கோயிலான ஷோசான்ஜிக்கு ஏறும் செங்குத்தான மலைப்பாதைக்குக்கூட நல்ல பிடிப்புள்ள நடைக்காலணி போதும். திருப்பித் தர முடிந்தால் இன்றே தந்துவிட்டு, விரல் நுனியில் சற்று இடம் விடும் லேசான காலணி வாங்குங்கள். மாலையில் போய் அளவு பாருங்கள். கால் வீங்கியிருக்கும் நேரம் அதுதான். தள்ளுபடியைப் பார்த்துக் காலணி வாங்குவதை இத்தோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் சைவம். கோயில் விடுதிகளில் தங்கினால் சாப்பாட்டுக் கவலை இல்லைதானே?

பதில்: அப்படி நம்பிப் போகாதீர்கள். மீனும் பரிமாறும் கோயில் விடுதிகள் உண்டு. அதைவிட முக்கியம், தாஷி எனும் சாறு. உலர்ந்த மீனில் வடித்த அது சூப்பிலும் காய்கறியிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். இறைச்சி, மீன், மீன் சாறு என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிட்டு ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையை, இலை போட்ட பிறகு நீட்டாமல் முன்பதிவின்போதே தெரிவியுங்கள்.

கேள்வி: வழிச்செலவுக்கு, பணம் ஏற்றி வைத்த பயண கார்டு ஒன்று போதுமா?

பதில்: போதாது. கோயில் முத்திரைக்கே தலா 500 யென். 88 கோயிலுக்கும் 44,000 யென். ரொக்கமாகவே வைத்திருங்கள். சிறு விடுதிகளிலும் அதே கதைதான். தபால் அலுவலக ஏடிஎம்களில் வெளிநாட்டு கார்டில் பணம் எடுக்கலாம். மலைப்பக்கம் திரும்புமுன் எடுத்துவிடுங்கள்.