நுண்ணுயிரியல் படிக்கும் மகள் ஆய்வுக்குப் போகலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

நுண்ணுயிரியலில் இளங்கலை முடிக்கப்போகும் உங்கள் மகள், மூலிகைச் சாற்றால் புற்றுநோய்க்கு மருந்து தேடும் ஆய்வில் இறங்க விரும்புவதாகவும், அதை நம்பி முதுகலையில் சேர்க்கலாமா என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் தலைப்பைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், ஆய்வை வழிநடத்தும் நெறியாளரைப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.

மகளின் ஆசைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நித்தியகல்யாணிச் செடி நீரிழிவுக்கு உதவுமா என்று 1950களில் கனடாவில் ஆராய்ந்தபோது, அதன் சாறு எலிகளின் வெள்ளையணுக்களைக் குறைப்பது தெரியவந்து, வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து கிடைத்தது. அதே செடி தந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் இந்த வெற்றியை மனத்தில் வைத்துக்கொண்டு, கைக்குக் கிடைத்த இலையின் சாற்றைப் புற்றுநோய்ச் செல்கள்மீது விட்டு, செல்கள் உயிரோடு உள்ளனவா என்று சாயத்தால் அறியும் எம்டிடி சோதனையில் ஊதா நிறம் மங்கியதுமே மருந்து கண்டுவிட்டதாக ஆய்வேடு எழுதும் வழக்கம் நம் கல்லூரிகளில் பெருகிவிட்டது. உயிருள்ள செல்லே மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும் என்பது சரிதான். எனினும் செறிவான சாறு நல்ல செல்களையும் கொல்லும், சில தாவரச் சேர்மங்களோ செல்லின் துணையின்றித் தாமே சாயத்தின் நிறத்தை மாற்றிவிடும். நல்ல செல்களோடு ஒப்பிட்டாயா, சோதனைத் தட்டில் செல்லே இல்லாத குழியில் சாற்றையும் சாயத்தையும் மட்டும் சேர்த்துப் பார்த்தாயா என்று கேட்கும் நெறியாளர் வாய்த்தால், இலை எதுவானாலும் உங்கள் மகள் தொழிலைக் கற்றுக்கொள்வார்.

மூலிகையை விட்டு, நோய் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் புற்றுநோய்க் குறிப்பான்கள் பற்றி ஆராய விரும்பினால், அந்த ஆய்வுக்கு நோயாளிகளின் மாதிரிகளும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும் என்பதால், அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சிஎம்சி போல மருத்துவமனையோடு இணைந்த இடங்களே அதற்கு ஏற்றவை.

வேலை என்று பார்த்தால், ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குப் பாக்டீரியா காட்டும் எதிர்ப்புத்திறன் பற்றிய ஆய்வையே நான் முதலில் பரிந்துரைப்பேன். முல்லர்-ஹின்டன் என்னும் வளர்ப்பு ஊடகத் தட்டில் பாக்டீரியாவைச் சீராகப் பரப்பி, மருந்து வில்லைகளை வைத்து, மறுநாள் வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிவு வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அட்டவணையோடு ஒப்பிட்டுச் சொல்லும் பழக்கமும், மாசு புகாமல் வேலை செய்யும் கையும் இருப்பவரை மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவும் உணவுப் பரிசோதனைக் கூடங்களும் தேடுகின்றன. முனைவர் பட்டத்தைப் பாதியில் விட நேர்ந்தாலும் இந்தத் திறன் கையில் நிற்கும்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023ஆம் ஆண்டு உயர்த்தப்பட்ட விகிதப்படி முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் கிடைக்கும். அது இல்லாமல் முழுநேர ஆய்வில் சேர்வதை, குடும்பம் ஐந்தாறு ஆண்டுகள் தாங்கும் என்றால் ஒழிய, நான் ஊக்குவிப்பதில்லை. ஆகவே முதுகலையின் முதல் பருவத்திலிருந்தே நெட் தேர்வுக்குப் படிக்கட்டும். கோடை விடுமுறையில் அறிவியல் கழகங்கள் வழங்கும் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கட்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு சோதனையையும் செய்து ஆய்வேட்டையும் எழுதித்தரும் புராஜெக்ட் சென்டர்களின் பக்கம் மட்டும் போக வேண்டாம். நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

சேர்க்கைக் கட்டணம் கட்டுமுன் மகளோடு ஒருநாள் அந்தத் துறைக்குப் போய், செல் வளர்ப்பு அறை பூட்டிக் கிடக்கிறதா, பயன்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கு படிக்கும் மூத்த மாணவர்களிடம், பேராசிரியர் இல்லாத நேரமாகப் பார்த்து, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் கருவியைத் தாங்களே இயக்குகிறார்களா, அல்லது செய்முறை வகுப்பில் தூர நின்று பார்த்ததோடு சரியா என்று கேட்கச் சொல்லுங்கள்.